மூன்றாவது பழுது

விடிந்தும் விடியாத நேரம். இவன் ஏணி உச்சியில் நின்று இடுப்புவரை ஃபால்ஸ் சீலிங்குக்குள் நுழைந்திருந்தான். தூசி கண்ணில் விழுந்தது, வியர்வை பட்ட கழுத்து அரித்தது. கீழே ஏணியைப் பிடித்திருந்த, கூட வேலை பார்க்கும் அக்கா, "இன்னுமா கெடைக்கல?" என்று கத்தினாள்.

நெட்வொர்க் கேபிளில் பழுது எங்கே என்று டெஸ்டர் நொடியில் சொல்லிவிடும். அது சகலையிடம் இருந்தது. மனைவியின் தங்கையைக் கட்டியவன். அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே இவன்தான். ஒரே வருடத்தில் கருவியும் அவனுக்கு, "கை சுத்தம்" என்ற முதலாளியின் பாராட்டும் அவனுக்கு. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் மனைவியும் தங்கை புருஷன் புராணம்தான் படித்தாள். வயிறு எரிந்தது. சும்மா இல்லை, திகுதிகுவென்று எரிந்தது.

அவரவர் இழுத்த கேபிளில் அவரவர் நிற டேப் சுற்றவேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம். இவனுக்கு மஞ்சள், சகலைக்கு நீலம். ஒரு மாதத்தில் எவன் நிறத்தில் மூன்று பழுது வருகிறதோ அவன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இருவருக்குமே இரண்டு ஆகியிருந்தது.

பழுதான முனை கைக்கு வந்தது. மஞ்சள்! திக்கென்றது. சகலை மறந்துவிட்டுப்போன நீல டேப் சுருள் ஒன்று சீலிங்குக்குள்ளேயே கிடந்தது. பாழாய்ப்போன கை மஞ்சளை உரித்து நீலத்தைச் சுற்றியது.

பழுதை வெட்டிவிட்டுப் புதுமுனை போட உறையைச் சீவி, கம்பியை வளைத்தான். படக்கென்று முறிந்தது. செம்பு வளையும், இப்படி முறியாது. கத்தியால் சுரண்டினான். மேலே செம்புப் பூச்சு, உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். பழுது எவன் கையிலும் இல்லை, முதலாளி வாங்கிப்போட்ட சரக்கில் இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். பொறாமை நாக்கைக் கட்டிப்போட்டது.

எட்டு மணிக்குச் சகலையும் மற்ற மூன்று வேலையாட்களும் வந்து சேர்ந்தார்கள். பின்னாலேயே முதலாளி வந்து, மேசையில் கிடந்த வெட்டிய முனையைத் தூக்கிப் பார்த்தார்.

"நீலமா? மூணாச்சுப்பா. டெஸ்டர வச்சிட்டுக் கெளம்பு."

"சரியாத்தான் சார் போட்டேன்..." என்றான் சகலை. டெஸ்டரை இவன் கையில் வைத்தான். "வச்சுக்க சகல. உனக்குத்தான் குடுக்கணும்னு மொத நாளே சார்கிட்ட சொன்னேன். கேக்கல."

ஆசைப்பட்ட கருவி கையைச் சுட்டது.

"சார், அது என் கேபிள். நான்தான் டேப்ப மாத்துனேன்."

"அப்ப நீ கெளம்பு. எனக்கு யாரோ ஒருத்தன் போனாச் சரி."

"யாரும் போக வேணாம் சார். இதப் பாருங்க." முறிந்த கம்பியை நீட்டினான். "அலுமினியத்த வாங்கிப் போட்டுட்டு எங்க கையக் கொற சொல்றீங்க!"

"திருட்டு வேலை பண்ணவன் எனக்கு நியாயம் சொல்றியா?"

"அவன் பண்ணத நாங்க பேசிக்கறோம்," என்றாள் அக்கா. "நீங்க பண்ணத யாரு பேசறது? போன மாசம் மூணு பழுதுன்னு என் தம்பிய வேலைய விட்டு அனுப்புனீங்களே, அதுவும் இந்தக் கம்பிதானா?"

முதலாளி நீட்டிய கம்பியைத் தட்டிவிட்டார்.

சகலை இவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தான். "உன்ன வீட்ல வச்சுக்கறேன்," என்று பல்லைக் கடித்தான். பிறகு தன் நீலச் சுருளை மேசையில் வைத்தான். பக்கத்தில் இவன் மஞ்சளை வைத்தான். அக்காவும் மற்ற மூவரும் தங்கள் சுருள்களை வைத்தார்கள்.

"நல்ல கேபிள் வரட்டும், தம்பியும் திரும்பி வரட்டும். அப்புறம் ஏறுறோம்," என்றாள் அக்கா.

"ஆறு பேரையும் மாத்த எனக்கு ஒரு போன் போதும்," என்று முதலாளி போனை எடுத்தார். மாற்றினாலும் மாற்றுவார்.

ஏணியைத் தரையில் கிடத்தி மற்ற ஐந்து பேரும் அதன்மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். இவன் மட்டும் கடைசியில் தயங்கி நின்றான். சகலை முகத்தைத் திருப்பிக்கொண்டே நகர்ந்து இடம் விட்டான்.