இரண்டாகும் ஆரம்

கும்பகோணத்தில் வைரக்கண்ணு பத்தருக்குத் தற்பெருமை கிடையாது என்று சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அதுவும் வைரக்கண்ணுவேதான். மற்றவர்கள் செய்வது நகை, தான் செய்வது வித்தை என்பது அவர் எண்ணம். அவரிடம் வாங்கிய ஒட்டியாணத்தைக் கழற்றி மாட்டினால் இரண்டு வங்கியாகும். நெற்றிச்சுட்டியைத் திருப்பிக் கோத்தால் பதக்கமாகும். எல்லாம் கையால் செய்தவை. பட்டறைக்கு யார் வந்தாலும் நான்கு நகையையாவது பிரித்துப் பூட்டிக் காட்டாமல் விடமாட்டார்.

"வந்தவங்களுக்குக் காபி ஆறுதுங்க, குடிக்க விடுங்க" என்பாள் மனைவி அம்சம்.

தை மாதம் குத்தாலத்திலிருந்து நீலாயதாட்சி வந்தாள். புருஷன் போன பிறகு ஊரெல்லாம் நடவு நட்டு, அப்புறம் குத்தகைக்கு நிலம் பிடித்து, அறுப்புக்கு அறுப்பு ஒரு கிராம் இரண்டு கிராமாகச் சேர்த்த எட்டுப் பவுன் மஞ்சள் துணியில் முடிந்திருந்தது. கூடவே மகள் தர்ஷினி. வைகாசியில் அவளுக்குக் கல்யாணம்; மாப்பிள்ளைக்குத் திருச்சி.

"எல்லாத்தையும் இவளுக்கே செஞ்சிடுங்க" என்றாள் தாய்.

"பாதி அம்மாகிட்டயே இருக்கணும். இல்லேன்னா எனக்கு ஒண்ணுமே வேணாம்" என்றாள் மகள்.

இருவரும் பட்டறையிலேயே சண்டை போட ஆரம்பித்தார்கள். வித்தைக்காரர் சும்மா இருப்பாரா? "எதுக்கும்மா சண்ட? கல்யாணத்தன்னைக்குப் பாப்பா கழுத்துல ஒரே ஆரம். வண்டி ஏறும்போது ஒரு ஆணிய உருவினா ரெண்டு சங்கிலி. ஆளுக்கு ஒண்ணு. போதுமா?" என்றார். சண்டை நின்றது.

இரண்டு சரம், ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் அன்னம். நெஞ்சோடு நெஞ்சு பொருத்தி, நடுவில் தாமரை மொட்டு வைத்தார். மொட்டைத் திருகி இழுத்தால் ஆணி வரும், அன்னங்கள் பிரியும். நாற்பது தடவை பிரித்துப் பார்த்துவிட்டு, அம்சத்தைக் கூப்பிட்டு நாற்பத்தோராவது தடவையும் பிரித்துக் காட்டினார்.

கல்யாணத்தன்று பத்தரும் அம்சமும் போயிருந்தார்கள். சாப்பாடு முடிந்து, பெண்ணை அனுப்பும் நேரம். வாசலில் கார் நின்றது, ராகுகாலம் வருமுன் கிளம்ப வேண்டும். வைரக்கண்ணு முன்வரிசையிலிருந்து எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "எல்லாரும் கொஞ்சம் பாருங்க" என்றார். வீடியோக்காரரைக்கூடக் கிட்டே வரச் சொன்னார். மொட்டைத் திருகினார். ஆணி வெண்ணெயில் இறங்குவதுபோல வழுக்கி வந்தது. அன்னங்கள் வரவில்லை.

இழுத்தார். நகத்தை விட்டு நெம்பினார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால், ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆன புதிதில், உலகமே பளிச்சென்று தெரிந்த பெருமையில், மெருகு போடுமுன் ஆரத்தை லென்ஸில் பார்த்திருந்தார். அன்னங்களின் நெஞ்சுக்கு நடுவே மயிரிழை இடைவெளி. நாற்பது வருஷமாக இடைவெளியைக் கண்டால் கை சும்மா இருந்ததில்லை. பற்றாசுப் பொடி வைத்து, ஊதிப் பற்றவைத்து, இழை தெரியாமல் மூடிவிட்டு, "இந்தக் கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்று அம்சத்திடம் வேறு சொல்லிக்கொண்டார். பிரிய வேண்டிய இடமே அதுதான் என்பது அந்தக் கண்ணுக்கு மட்டும் தப்பிவிட்டது.

"நானே பத்தவச்சிட்டேங்க" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கவலப்படாதீங்க, ரம்பத்தக் கொண்டாந்து ரெண்டே நிமிஷத்துல அறுத்துடறேன்."

தாலி ஏறி மூன்று மணி நேரம்கூட ஆகாத மண்டபத்தில் அந்த வார்த்தையைச் சொன்ன ஒரே பத்தர் அவராகத்தான் இருப்பார். அம்சம் அவர் முழங்கையில் கிள்ளினாள். நீலாயதாட்சியின் முகம் வெளுத்துவிட்டது. "இன்னைக்கு அந்தப் பேச்சே வேணாங்க. முழுசா அவளே போட்டுக்கிட்டுப் போவட்டும்."

தர்ஷினி ஆரத்தைக் கழற்றித் தாயின் கழுத்தில் போட்டாள். தாய் கழற்றி மகள் கழுத்தில் போட்டாள். இரண்டு முறை போய் வந்தது. வெளியே ஹாரன் அடித்தார்கள்.

"சரிம்மா, ஒரு மாசம் எங்கிட்ட, ஒரு மாசம் உங்கிட்ட. கொண்டாரதுக்கும் எடுத்துட்டுப் போறதுக்கும் நீதான் வரணும்" என்று சொல்லி, ஆரத்தோடு அழுதுகொண்டே காரில் ஏறினாள் தர்ஷினி.

வைரக்கண்ணு வீடு வந்து சட்டையைக் கழற்றியபோது பையில் ஆணி இருந்தது. வெட்கத்தில் கொடுக்க மறந்திருந்தார். "பிரிச்சுக் காட்டறேன்னு ஊரக் கூட்டி, பிரிக்கவே முடியாத ஒண்ணச் செஞ்சு குடுத்தவன் நான்" என்று சொல்லிச் சொல்லித் தன்னையே திட்டிக்கொண்டார். அந்தத் தாய் எட்டுப் பவுன் சேர்த்த விதம் நினைவுக்கு வரும்போதெல்லாம் அவமானமாக இருந்தது. இன்று வருவார்கள், நாளை வருவார்கள் என்று ஆனியும் ஆடியும் காத்திருந்தார். யாரும் வரவில்லை. ஆவணி பிறந்ததும் தாங்காமல் அவரே போன் செய்தார்.

"கொண்டாங்கம்மா, சும்மாவே பிரிச்சுத் தரேன். ஆணியும் எங்கிட்டதான் இருக்கு."

"வேணாம் பத்தரே" என்றாள் நீலாயதாட்சி. "கட்டிக்குடுத்த வீட்டுக்குச் சும்மா சும்மா போனா சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாங்க? இப்ப நகைய மாத்தப் போறேன்னு மாசாமாசம் ரயிலேறிடறேன். நாலு நாள் இருந்துட்டுத்தான் வரேன். யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல."

"அப்ப ஆணிய?" என்றார் வைரக்கண்ணு.

"அது உங்ககிட்டயே கெடக்கட்டும். கண்ணுல பட்டா அவளுக்குப் பிரிக்கத் தோணிடும்."

போனை வைத்துவிட்டு ஆணியைப் பட்டறைப் பெட்டியில் பத்திரப்படுத்தினார். காபியோடு வந்த அம்சம், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"நம்ம வேலையில ஒரு கொறையும் இல்லையாம்" என்று சொல்லிவிட்டு, ஆபரேஷன் செய்த கண்ணையும் செய்யாத கண்ணையும் துண்டால் துடைத்துக்கொண்டார்.