பூட்டுப் போட்ட டெலிபோன்

தம்பி திருப்புளியை வைத்து டெலிபோனை முக்காலியிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தான். பக்கத்து அறையில் அப்பா செத்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதில் அவனுக்கு எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, துருப்பிடித்த திருகாணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"அவருக்கு இன்னும் மூச்சு நிக்கலடா," என்றாள் மூத்தவள். கையில் அப்பாவுக்குக் கொண்டுபோன மருந்து அப்படியே திரும்பி வந்திருந்தது.

"தெரியுதுக்கா. சும்மாதானே உக்காந்திருக்கேன்னு ஆரம்பிச்சேன். அப்புறம் ஆளுங்க வர ஆரம்பிச்சாங்கன்னா எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்."

"இதையா? இத எவன் தூக்கிட்டுப் போவான்?"

"உனக்கு இதோட மதிப்பு தெரியல. கறுப்பு டயல் போன், அதுவும் பூட்டோட! இப்ப இதுக்கு எவ்வளவு கிராக்கி தெரியுமா? எங்க ஹால்ல வச்சா வர்றவங்க அசந்து போயிருவாங்க."

லைன் அறுந்து எத்தனையோ வருஷம் ஆகியும் டெலிபோன் கூடத்து மூலையில் அதே முக்காலியில்தான் இருந்தது. டயலின் ஓட்டை ஒன்றில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பித்தளைப் பூட்டு. அது மாட்டியிருந்தால் டயல் பாதிக்கு மேல் சுற்றாது. வருகிற அழைப்பை எடுக்கலாம், இங்கிருந்து யாரையும் அழைக்க முடியாது. சாவி அப்பாவின் இடுப்பில் இருக்கும்.

அப்பா ஒரு நூல் ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அங்கே பூட்டிப் பூட்டிப் பழகிய கை, வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்கவில்லை. சாப்பாடு வைக்கும் வலை அலமாரிக்கு ஒரு பூட்டு. கதவு வைத்த மரப்பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த டிவிக்கு ஒரு பூட்டு. சர்க்கரை டின்னுக்குக்கூடக் கொண்டி வைத்து ஒரு பூட்டு. தெருவில் அவருக்குப் 'பூட்டு' என்றே பெயர். அம்மா, அண்டை வீட்டில் சர்க்கரை கடன் வாங்கியே வயதாகி, அப்படியே போயும் சேர்ந்துவிட்டாள். அலமாரி நிறைய சாமான் இருந்த வீட்டில் இது நடந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"அந்தக் காலமே தனிக்கா," என்றான் தம்பி. ஆணி ஒரு சுற்றுச் சுற்றியதில் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அந்த டிவிப் பெட்டி, சாயங்காலமானா அப்பா சாவி போட்டுத் திறப்பாரு பாரு, தியேட்டர்ல திரை விலகுற மாதிரி! என் பசங்ககிட்ட சொன்னா வாயப் பொளக்கிறாங்க."

"திறந்தது உனக்காக. நான் உள்ள வந்தா மூடிருவாரு. பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடின்னு."

"ஆரம்பிச்சிட்டியா."

"நான் எங்கடா ஆரம்பிச்சேன். நீதான் அந்தக் காலம் அந்தக் காலம்னு ஊதிக்கிட்டு இருக்க."

தம்பி மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். சண்டை வந்தால் வரட்டும், ஆனால் தன் பக்கம் தெறிக்காமல் வரட்டும் என்று நினைப்பவள் அவள். "அண்ணி, மாமா மறுபடியும் தட்டுறார்," என்றாள்.

காலையிலிருந்து இந்தத் தட்டல்தான். பக்கவாதம் அப்பாவின் வலப்பக்கத்தையும் பேச்சையும் ஒரே மூச்சில் வாரிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்தது இடக்கை. அதன் மோதிர விரலால் இரும்புக் கட்டிலின் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து வாயில் ஸ்பூனால் விட்டார்கள். வழிந்தது. புரட்டிப் படுக்க வைத்தார்கள். போர்வையை எடுத்தார்கள், போர்த்தினார்கள். எதைச் செய்தாலும் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு மறுபடி தட்டினார். வந்து பார்த்த டாக்டர், "நரம்புத் துடிப்புதான், ஒண்ணும் அர்த்தம் இல்ல. சொந்தக்காரங்களுக்குச் சொல்லிருங்க," என்று கைப்பையை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மூத்தவள் உள்ளே போய் கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பாவைப் பார்த்துக்கொள்வது அவளுக்குப் புதிதல்ல. மருந்துக் கடையில் நின்றுகொண்டே வேலை, வீட்டுக்கு வந்தால் இவருக்குச் சோறு, இவருக்குக் குளியல், இவரிடம் ஏச்சு. கல்யாணம் என்ற ஒன்று அவளுக்கு நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று கேட்கிறவர்களும் ஒருவர் பின் ஒருவராக ஓய்ந்துவிட்டார்கள்.

டக், டக்.

அப்பா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கண் பாதி மூடியிருந்தது. மற்றது நன்றாகவே விழித்திருந்தது.

டக், டக், டக், டக்.

"என்னப்பா வேணும்?"

டக், டக், டக். கை நின்றது. பிறகு ஒரு நீண்ட வரிசை, கை தளர்ந்து தளர்ந்து, ஆனால் விடாமல். அவள் எண்ண நினைக்கவில்லை. கடையில் மாத்திரை எண்ணிப் பழகிய மூளை அதுவாகவே எண்ணிவிட்டது. பத்து.

நடுங்குகிற கை பத்தில் நிற்காது. அவள் அசையாமல் இருந்தாள். அப்பா கண்ணை மூடினார், திறந்தார், முதலிலிருந்து தொடங்கினார். இரண்டு. நான்கு. மூன்று. பத்து.

பத்து என்றால் பூஜ்யம். அது இந்த உலகத்தில் யாருக்குத் தெரிகிறதோ இல்லையோ, அவளுக்குத் தெரியும்.

டயலைப் பூட்டினாலும் டெலிபோனைப் பூட்ட முடியாது என்பதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது டைப்ரைட்டிங் வகுப்பில் பக்கத்து மெஷின்காரி. ரிசீவர் உட்காரும் இடத்தில் இரண்டு வெள்ளைப் பொத்தான்கள் இருக்கும். ரிசீவரைத் தூக்கிவிட்டு எண்ணுக்கு ஏற்ற தடவை அவற்றைத் தட்டினால் போதும், டயல் சுற்றியதாகவே எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கொள்ளும். நாலுக்கு நாலு தட்டு. பூஜ்யத்துக்குப் பத்து. ஒரு தட்டுப் பிசகினால் எவர் வீட்டிலோ எவரோ எடுத்து, "யாரும்மா?" என்பார்கள்.

அப்பா ராத்திரி ஷிப்ட் முடித்து மத்தியானம் தூங்கும் நேரத்தில் அவள் தட்டுவாள். 2430. டைப்ரைட்டிங் வகுப்புக்குக் கீழே இருந்த போட்டோ ஸ்டூடியோ. எடுக்கிறவன் இருட்டறையிலிருந்து ஓடி வந்து, கையெல்லாம் மருந்து நாற்றம் என்று சொல்லிக்கொண்டே பேசுவான். பெரிய காதல் வசனம் ஒன்றும் கிடையாது. இன்றைக்கு ஒரு கிழவர் பல் செட்டைப் போட்டுக்கொள்ள மறந்து படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்பான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அடுத்த மாதம் உன் வீட்டுக்கு வந்து பேசட்டுமா என்று கேட்டான். அவள் சரி என்றாள்.

அடுத்த மாதம் வருவதற்குள் ஒரு நாள் அவன், "இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க," என்றான். அதுவரை நீ, வா, போ என்று பேசிக்கொண்டிருந்தவன். கூப்பிடாதே என்றிருந்தால்கூட அவள் சண்டை போட்டிருப்பாள். அந்த 'கூப்பிடாதீங்க'வோடு எப்படிச் சண்டை போடுவது. ரிசீவரை வைத்தவள் அதன் பிறகு அந்தப் பொத்தானைத் தொடவே இல்லை.

அவனை அவள் திட்டியதில்லை. திட்டிக்கொண்டதெல்லாம் தன்னைத்தான். ரொம்பச் சிரித்துவிட்டோமோ. கூப்பிட்டுக் கூப்பிட்டு மலிந்துபோனோமோ. பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கப் போனபோது லென்ஸ் வழியாக இந்த முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டானோ. தலை நரைத்த பிறகும், கடையில் யாராவது முகம் கொடுத்துப் பேசினால், கொஞ்சம் குறைவாகப் பேசு என்று உள்ளே ஒரு குரல் அவளை அடக்கியது. பின்னால் வந்த ஓரிரண்டு சம்பந்தங்களையும் அந்தக் குரல்தான் வேண்டாம் என்று சொல்ல வைத்தது.

இரண்டு. நான்கு. மூன்று. பத்து.

"ஸ்டூடியோவா?" என்று கேட்டாள்.

கை அந்தரத்தில் நின்றது.

பொத்தானைத் தட்டும்போதெல்லாம் டெலிபோனுக்குள் இருக்கும் மணி சன்னமாக முனகும். கூடத்துக்கும் இந்த அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இவர் இதே கட்டிலில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, மூட்டை எண்ணுகிற மாதிரி எண்ணியிருக்கிறார். ஒரே நாளில் பிடிபட்டிருக்காது. பல மத்தியானங்கள் கேட்டுச் சரிபார்த்திருக்க வேண்டும். சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை, அம்மாவிடம்கூட ஒரு வார்த்தை இல்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, பூட்டைத் திறந்து, அந்த எண்ணைச் சுற்றிப் பேசியிருக்கிறார். பேசி முடித்து மறுபடியும் பூட்டியிருக்கிறார். பிறகு அவள் போட்ட சோற்றை இத்தனை காலமாகச் சாப்பிட்டிருக்கிறார்.

"நீங்கதான் அவர்கிட்டப் பேசினீங்களா?"

அப்பா கட்டில் சட்டத்தில் ஒரே ஒரு தடவை தட்டினார். விழித்திருந்த கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் இறங்கியது.

"என்ன சொன்னீங்க?"

வாயில்லாத மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது. ஆனாலும் அவள் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னொரு தடவை கேட்டாள். "என்னப் பத்தி என்ன சொன்னீங்க?" அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. காற்றுதான் வந்தது. அந்த வார்த்தைகள் என்ன என்பது இனி அவளுக்குக் கிடைக்கப் போவதில்லை. எதையும் பூட்டாமல் கொடுத்துப் பழக்கமில்லாத மனிதர், இதையும் பாதிதான் கொடுத்தார்.

தப்பு என் மேல் இல்லை, என்று நினைத்தாள். முதலில் நெஞ்சு லேசானது. அடுத்த மூச்சில் ஆத்திரம் வந்தது, காதெல்லாம் கொதிக்கிற ஆத்திரம். இதைச் சொல்ல இவருக்கு வாய் இருந்த காலம் எவ்வளவு இருந்தது! வாய் போன பிறகு கட்டிலைத் தட்டுகிறார்.

அவர் மறுபடியும் தொடங்கினார். இரண்டு. நான்கு.

அவருக்கு என்ன வேண்டும் என்பது இப்போது அவளுக்குத் தெரிந்தது. தண்ணீரும் இல்லை, போர்வையும் இல்லை. 'பரவாயில்லப்பா' என்று ஒரு வார்த்தை. கடையில் சில்லறை இல்லை என்கிறவர்களிடம் நாள் முழுக்க அவள் சொல்கிற வார்த்தைதான் அது. அது தொண்டை வரைக்கும் வந்தும்விட்டது, பழக்க தோஷம். சொன்னால் அவர் கை ஓயும். கண்ணை மூடி நிம்மதியாகப் போய்விடுவார்.

நிம்மதியாகத்தானே இத்தனை நாளும் இருந்தார் என்று நினைத்ததும் அந்த வார்த்தை வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"என்னவாம்க்கா?" தம்பி வாசற்படியில் வந்து நின்றான். கையில் டெலிபோன். ஒரு வழியாகக் கழன்றுவிட்டது. "ரொம்ப நேரமாத் தட்டுறாரே. எதையோ சொல்ல வர்ற மாதிரி இருக்குல்ல?"

அப்பாவின் கண் மகனிடம் போய், மகளிடம் திரும்பியது.

"டாக்டர்தான் சொன்னாரேடா," என்றாள். "நரம்பு."

"இல்லக்கா, ஒரு மாதிரி கணக்கா..."

"நீதான் ஆசை மகனாச்சே, வந்து உக்காந்து கேளேன். மலம் வழிச்சுப் போடவும் நான், இவர் தாளம் போட்டா அர்த்தம் கண்டுபிடிக்கவும் நானா?"

அவன் முகம் சுருங்கியது. "உங்கிட்டப் பேசினாலே இதான்," என்று முணுமுணுத்துக்கொண்டு, டெலிபோனைப் பழைய துணியில் சுற்றப் போய்விட்டான்.

மூன்று தட்டி முடித்த கை கொஞ்சம் நின்று, பூஜ்யத்தைத் தொடங்கியது. மூத்தவள் எழுந்தாள். அலமாரி மேலிருந்து ஒரு தலையணையை எடுத்துத் தட்டி உதறினாள். அப்பாவின் மணிக்கட்டை இரண்டு விரலால் தூக்கினாள். அது எடையே இல்லாமல் இருந்தது. தலையணையைச் சட்டத்துக்கும் கைக்கும் நடுவில் செருகி, கையை அதன் மேல் வைத்தாள்.

விரல் எழுந்தது, விழுந்தது. சத்தம் இல்லை.

அவர் அவளைப் பார்த்தார். கையை நகர்த்திப் பார்த்தார். அந்தக் கையில் தட்டுவதற்கு மட்டும்தான் தெம்பு இருந்தது, தள்ளுவதற்கு இல்லை. அவள் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். எதிர்வீட்டு மாடியில் ஒருத்தி காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டை நழுவித் தெருவில் விழுந்தது. அவள் இறங்கி வந்து, பொறுக்கி, தூசி தட்டிக்கொண்டு மேலே போகிற வரைக்கும் மூத்தவள் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் தம்பி மனைவி காப்பி கொண்டுவந்தாள். தம்ளரை வைத்துவிட்டுக் கட்டிலைப் பார்த்தவள், "அண்ணி," என்றாள். பிறகு சத்தமாக, "அண்ணி!"

தம்பி ஓடிவந்தான். அப்பாவின் மார்பில் தலையை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். நிஜமான அழுகைதான், அதில் குறை சொல்ல முடியாது. அவனுக்குத் திறந்து காட்டியவர் போய்விட்டார். மூத்தவள் அப்பாவின் கண்களை மூடினாள், தாடையைத் துணியால் கட்டினாள். 

"கடைசியா ஏதாவது கேட்டாராக்கா?"

"இல்ல."

"ஒண்ணுமேவா?"

"வாய்தான் போயிருச்சேடா. என்ன கேப்பாரு."

உடம்பை நேராகப் படுக்க வைக்கத் தம்பி மனைவி துணி, சாமான்களை விலக்கினாள். இடக்கையைத் தூக்கி நெஞ்சின் மேல் வைத்தபோது அடியில் தலையணை இருந்தது. "இது எதுக்கு அண்ணி இங்க?"

"இரும்புல தட்டித் தட்டி விரல் வீங்கிப் போச்சு. அதான் வச்சேன்."

தம்பி மனைவிக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்கள மாதிரி யாரு அண்ணி பாப்பாங்க. பெத்த பொண்ணுன்னா இப்படி இருக்கணும்."

மூத்தவள் தலையணையை வாங்கிக்கொண்டாள். நடுவில் ஒரு விரல் நுனி அளவுக்குக் குழி விழுந்திருந்தது. உள்ளங்கையால் அதை இரண்டு தடவை நீவி விட்டாள். பஞ்சு எழும்பிக்கொண்டது. உறையைச் சரிசெய்து, அதைக் கொண்டுபோய் அலமாரி மேல் பழைய இடத்திலேயே வைத்தாள்.