செத்த செட்டு பேசியது

"பவர் சப்ளை பதிமூணு வோல்ட் காட்டுது. உன் செட்டுதான் செத்துப்போச்சு, எடைக்குப் போட்டுடு," என்றார் அமெச்சூர் ரேடியோ சங்கத் தலைவரான அண்ணன். தங்கையின் ரேடியோவில் கேட்பதற்குக் குறையில்லை. பேசும் பட்டனை அமுக்கினால் மட்டும் அணைந்துவிடும்.

"பேசறப்பதான் செட்டு நிறைய கரண்ட் இழுக்கும். பட்டனை அமுக்காம அளந்தா எல்லாம் நல்லாத்தான் காட்டும்ண்ணே."

"எனக்கே பாடமா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

எடைக்காவது, போடுவதாவது! அவள் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே அளந்தாள். பவர் சப்ளையில் பதிமூன்று அசையாமல் நின்றது. ரேடியோவின் முதுகிலோ வெறும் ஒன்பது. நடுவில் எதுவோ விழுங்குகிறது. ஒயரைத் தடவிக்கொண்டே போனாள். ஃபியூஸ் கூடு விரலைச் சுட்டது. பிரித்தால், உள்ளே பச்சைப்பசேலென்று களிம்பு. அந்தக் கூட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதியதைப் பற்றவைத்தாள்.

சாயங்காலம் அண்ணன் தன் வீட்டு ரேடியோவில் சங்கத்தாரை வழக்கம்போல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவரவர் சத்தம் எப்படிக் கேட்கிறதென்று சொல்லிக்கொண்டே வந்தார். அவள் முறை வந்ததும், "தங்கச்சி செட்டு செத்துப்போச்சு, இனி வரமாட்டா," என்று அறிவித்தார்.

அவள் பட்டனை அமுக்கினாள்.

"செத்த செட்டுலேர்ந்துதான் பேசறேன்ண்ணே. எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்காங்க. சத்தம் எப்படியிருக்குன்னு தலைவர்தானே சொல்லணும்? சொல்லுங்க."