சப்பாத்து ஏற்காத வீடு

தாசேக் கெலுகோருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் தோண்டியெடுத்த புதிய கற்கால வீட்டுக்குள் யாராவது சப்பாத்தோடு கால் வைத்தால், வெளியே அள்ளிக் கொட்டிய மண் முழுவதும் எழுந்து வந்து குழியை மூடிக்கொள்ளும். முதல் வருடத்தில் பதினோரு முறை மூடியது. பாலத்துக்கு அப்பால் தீவிலிருக்கும் கெலுகோர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து அகழாய்வை நடத்திய பேராசிரியர் பரமநாதன் பதினோரு முறையும் 'மண்ணின் ஈரத்தன்மை' என்று அறிக்கை எழுதினார். முப்பது வருடம் படித்த மூளை வேறு என்னத்தை எழுதும்!

குமுதாவுக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. ஜெலுத்தோங் பாசாரில் பத்து வருடம் சிப்பி விற்றவள், இப்போது நாள்கூலிக்கு மண் அள்ளினாள். செருப்பை மேலே விட்டுவிட்டு அவள் இறங்கினால் தரை சமர்த்தாகக் கிடக்கும். மூன்று கல் அடுப்பு, தூண் நட்ட குழிகள், அடுப்பில் இன்னும் ஆறாத சாம்பல். இந்த ஊரில் சீனர், மலாய்க்காரர், தமிழர், யார் வீடானாலும் சப்பாத்து வாசலோடு சரி. கற்காலத்தார் மட்டும் இளைத்தவர்களா?

"சப்பாத்த கழட்டிட்டு எறங்குங்க லா, டாக்டர். வீட்டுக்காரங்களுக்குப் புடிக்கல."

"அவையள் செத்து நாலாயிரம் வருசம். இது சேஃப்டி ரூல்ஸ்," என்றார் பரமநாதன். உடைந்த சட்டியைக் கண்டால் சடங்கு, உடையாத சட்டியைக் கண்டால் பெருஞ்சடங்கு என்று எழுதுகிற மனிதர்.

தோட்டத்து வீட்டு வரிசையில் கடைசி வீடு குமுதாவுடையது. இங்கே மனிதர் குடியிருந்த தரையைக் காட்டினால் நிலம் பாரம்பரியப் பகுதியாகும், வரிசை பிழைக்கும். காட்டாவிட்டால் அடுக்குமாடி கட்டுகிறவனின் புல்டோசர் அடுத்த மாதமே வந்துவிடும். தரையைப் பார்த்து முடிவு சொல்ல ஜார்ஜ் டவுனிலிருந்து டத்தோ பட்டம் வாங்கிய இலாகாத் தலைவரும் ஆறு அதிகாரிகளும் பளபளக்கும் புதுச் சப்பாத்தோடு வந்து இறங்கினார்கள்.

குமுதா குழியின் வாசலை மறித்து நின்றாள். "சப்பாத்தோட ஒருத்தரும் எறங்கக் கூடாது. என் வீடு போயிரும்."

டத்தோ உடனே குனிந்து கழற்றினார். அதிகாரிகளும் கழற்றினார்கள். பரமநாதன் மட்டும் வானத்தைப் பார்த்தார்.

"புக்கா காசுட் லா, டாக்டர்," என்றார் டத்தோ, அவருடைய சப்பாத்தைக் காட்டி.

கழற்றினார். பரமநாதனின் இரண்டு காலுறையிலும் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. இந்த இரண்டு ஓட்டையை மறைக்கத்தான் ஒரு வீடு பதினோரு முறை மண்ணுக்குள் போயிருக்கிறது. தூ!

மண் அசையவில்லை. டத்தோ அடுப்பின்மேல் உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்த்தார், தலையசைத்தார், அங்கேயே கையெழுத்துப் போட்டார். மேலே ஏறி வந்தபோது எல்லாருடைய சப்பாத்தும் வரிசையாக இருந்தன, பரமநாதனுடையதைத் தவிர. அவர் ஓட்டைக் காலுறையோடு பாலம் கடந்து வீடு போய்ச் சேர்ந்தார்.

மறுவருடம் அந்தத் தரைக்கு இரண்டு முழம் கீழே, யாரும் தொடாத மண்ணடுக்கில், தின்று எறிந்த சிப்பிகளுக்கு நடுவே குமுதா அவற்றைக் கண்டெடுத்தாள். பரமநாதன் வெகுநேரம் பார்த்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார். 'சப்பாத்து, ஒரு ஜோடி, அளவு ஒன்பது, புதிய கற்காலம்.'

"சடங்கா டாக்டர்?" என்று கேட்டாள் குமுதா.

"இல்லை. குப்பை," என்று சொல்லி அதையும் எழுதிக்கொண்டு, வெறுங்காலோடு அடுத்த குழிக்கு நடந்தார்.