விலைபோன சாட்சிகள்

சோல்வே அன்று பாலம் தாண்டித் துலூத் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது பழிதீர்க்கத்தான். அதற்கு வேறு அழகான பெயர் எதுவும் வைக்க அவளுக்கு மனமில்லை.

ஒரு பெரிய எண் பகா எண்தானா என்று சோதிக்கும் வழியை அவள்தான் கண்டுபிடித்தாள். சில சின்ன எண்களைச் சாட்சிக்கூண்டில் ஏற்றிக் கணக்குப் போட வேண்டும். வகுபடும் எண் என்றால் ஏதாவதொரு சாட்சி காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு முறையும் புதுச் சாட்சிகளைக் குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டும் என்பது அவள் வைத்த நிபந்தனை.

அவளுடைய பேராசிரியர் ராண்டல் பிக்ஸ்பி அதைத் தன் பெயரில் அச்சேற்றினார். நியாயம் கேட்டவளைப் பைத்தியம் என்று துறை முழுக்கச் சொல்லி வேலையையும் பறித்தார். பாவி மனிதர் சொந்தமாகச் செய்தது ஒன்றே ஒன்று. குலுக்கலை எடுத்துவிட்டு, எப்போதும் அதே பன்னிரண்டு சாட்சிகள் என்று ஆக்கினார். வேகமாக முடியுமாம்.

இப்போது அவருக்குச் சிறப்புப் பேராசிரியர் பதவி வரப்போகிறது. அதற்கான கூட்டம்தான் இது. "எந்த எண்ணையும் கொண்டுவாருங்கள்" என்று அறிவிப்புப் பலகையிலேயே சவால் விட்டிருந்தார்.

"அடடே, சோல்வே! அக்கரைப் பள்ளிக்கூடத்துல பின்னம் சொல்லிக்குடுக்கிற வேலைக்கு லீவா?" என்றார் பிக்ஸ்பி. அரங்கம் சிரித்தது.

"ஒரு எண் கொண்டாந்திருக்கேன், புரொபசர்."

கரும்பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எண்பது இலக்கங்களை எழுதினாள். பிக்ஸ்பி கணினியில் தட்டினார். பதில் சட்டென்று வந்தது.

"பகா எண்தான். அடுத்தது யாரு?"

"நிச்சயமாவா?"

"என் சோதனை இதுவரைக்கும் பொய் சொன்னதில்லம்மா."

"அப்படின்னா பலகையில அந்த எண்ணுக்குக் கீழ கையெழுத்துப் போடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே கொட்டை எழுத்தில் போட்டார். அதன் கீழே அவள் இரண்டு எண்களை எழுதி, நடுவில் பெருக்கல் குறி இட்டாள்.

துறைத் தலைவர் நைகார்ட் தானே எழுந்துபோய்க் கணினியில் பெருக்கிப் பார்த்தார். திரையையும் பலகையையும் விரல் வைத்து ஒப்பிட்டார். "அப்படியே வருது, ராண்டல்" என்றார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

பிக்ஸ்பி பலகையை நெருங்கிப் பார்த்தார். "இவ்வளவு பெரிய எண்ணை எப்படி உடைச்சே?"

"எங்க உடைச்சேன்? கட்டினேன். சாட்சி யாருன்னு முன்னாடியே தெரிஞ்சா விலைக்கு வாங்கிடலாமே! உங்க பன்னெண்டு பேரும் வாயைத் திறக்காத மாதிரி ரெண்டு பகா எண்ணைத் தேடிப் பிடிச்சுப் பெருக்கினேன். குளிர்காலம் பூரா அதான் வேலை."

"குலுக்கி எடுத்திருந்தா?" என்று கேட்டார் நைகார்ட்.

"அடுத்த நிமிஷமே மாட்டியிருக்கும்."

நைகார்ட் பிக்ஸ்பியைப் பார்த்தார். பிக்ஸ்பி தன் கையெழுத்தைப் பார்த்தார். சோல்வேக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. சாக்பீஸை அவர் கையில் வைத்தாள்.

"திருடினதைத் திருடினபடியே வெச்சிருந்தா தப்பிச்சிருப்பீங்க, புரொபசர்."