இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில்

என் சித்தி லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நின்றுபோன கட்டடத்துக்குத்தான் அவளைக் கூப்பிடுவார்கள் என்பதால், அவள் பிழைப்பெல்லாம் மாடிப்படிதான்; சில நாள் ஒரே மூச்சில் பத்து மாடி. அந்தப் படிகள் வலது முழங்காலின் குருத்தெலும்பைத் தின்றுவிட்டன. ஒரு வருடமாக ஆபீஸில் போன் எடுக்கிற வேலை. கால் சரியாகாவிட்டால் ஆயுசுக்கும் அதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

இறந்துபோன யாரோ ஒரு புண்ணியவானின் குருத்தெலும்பு, சித்தியின் மூட்டுக்குச் சரியான அளவில் கிடைக்கப் பதினொரு மாதம் ஆனது. சின்னச் சின்னத் துளை வழியாகவே உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்களாம். உறைய வைத்திருந்ததைக் காலையிலேயே வெளியே எடுத்தாயிற்று. மறுபடி உறைய வைக்க முடியாது. இன்றைக்கு வைக்காவிட்டால் வீண்.

மூன்றாம் மாடி ஆபரேஷன் தியேட்டருக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு நர்ஸ், பக்கத்தில் நானும் சித்தப்பாவும். பதற்றம் குறைய ஊசி போட்டிருந்ததால் சித்தி கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பாவுக்கு லிஃப்ட் என்றாலே பயம். கல்யாணமான பதினாறு வருடத்தில் மனைவி பழுது பார்த்த ஒன்றில்கூட ஏறியதில்லை. அன்றைக்கு ஏறினார். இரண்டாம் மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் நின்றுவிட்டது.

நர்ஸ் லிஃப்டின் அவசரப் போனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"யாரும் எடுக்க மாட்டாங்க சிஸ்டர்," என்றாள் சித்தி குஷியாக. "அது எங்க ஆபீஸுக்குப் போற போன். எடுக்க வேண்டியவ இங்க படுத்திருக்கேன்."

நர்ஸ் என்னிடம் குனிந்து, "ஊசி பேசுது," என்றார்.

"ஊசிக்கு லிஃப்டைப் பத்தி என்ன தெரியும்? ஸ்ட்ரெச்சர் கதவுல இடிச்சிருக்கு. கதவு ஒரு நூல் விலகினாலும் நிக்கும். ஏங்க, ரெண்டு கையையும் வச்சு அதை மூடுற பக்கமாத் தள்ளுங்க."

"நானா?"

"இல்ல, என் ரெண்டாவது புருஷன்."

சித்தப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு தள்ளினார். எங்கோ 'டக்' என்றது. நான் மூன்றை அழுத்தினேன். லிஃப்ட் ஏறியது, நின்றது, ஆனால் கதவு திறக்கவில்லை. சித்தப்பா இன்னும் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"விடுங்க சார், வந்தாச்சு," என்று நர்ஸ் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்திவிட்டதாம். சித்தப்பா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார், நர்ஸின் கையைக் குலுக்கினார், என் கையையும் குலுக்கினார்.

சாயங்காலம் சித்தி அரைக்கண் திறந்தாள். "டாக்டர், படி ஏறலாமா?"

"ஆறு வாரம் ஊன்றுகோல். நல்லா ஏற நாலஞ்சு மாசம் ஆகும். முதல்ல ஒரு மாடி."

"ஒண்ணா?" சித்தி யோசித்தாள். "சரி. மீதி ஒன்பதை மறுநாள் பார்த்துக்கறேன்."