ருசி பார்ப்பது சாப்பாடு இல்லையாம்

என் வீட்டுக்காரர் இசக்கிப்பாண்டி தம்பானூரில் ஒரு சைவ ஓட்டலில் சரக்கு மாஸ்டர். சாம்பார், சட்னி, கேசரி எல்லாம் அவர் கைப்பக்குவம். அதே அடுப்படியில் நான் காய் நறுக்குகிறேன். வீட்டில் பார்ப்பது போதாதென்று அங்கேயும் அவர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

தை மாதம் அவருக்கு அடிவயிற்றில் குடலிறக்கம் என்றார்கள். அண்டா தூக்கித் தூக்கி வந்த வினை. "எட்டு கிலோ குறைச்சிட்டு வாங்க, ஆபரேஷன் பண்ணலாம்" என்றார் டாக்டர். ஓணத்துக்குள் குணமாகாவிட்டால் வேறு மாஸ்டரைப் பார்ப்பேன் என்று முதலாளி ஸ்ரீஜித் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருட அடுப்பு. மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

டீ போடும் மலையாளத்துப் பையன் ரதீஷ் போனில் ஒரு வீடியோ காட்டினான்.

"அண்ணாச்சி, பகல் பன்னெண்டு முதல் ராத்ரி எட்டு வரெ மாத்ரம் சாப்பாடு. பாக்கி சமயம் பச்சவெள்ளம், வெறும் தண்ணி. வேற ஒண்ணும் வேண்டா."

மறுநாளே தொடங்கிவிட்டார். காலையில் நான் இரண்டு தோசை தின்றால், கொலைக் குற்றம் செய்தவளைப் போலப் பார்ப்பார். பால்காரரிலிருந்து பக்கத்து லாட்ஜ் வாட்ச்மேன் வரை அவர் விரதம் தெரியாத ஆள் இல்லை. ஒரு மாதம் கழித்து மருந்துக்கடை மெஷினில் ஏறினார். அரைக்கிலோ கூடியிருந்தது.

"மெஷின் சரியில்ல" என்றார். பிறகு, "ராத்திரி நீ ரசத்துல நெய்ய ஊத்துதே" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! நெய்யைக் கண்ணால் பார்த்து எத்தனை நாளாயிற்று?

மறுநாள் காய் நறுக்கிக்கொண்டே அவரைக் கவனித்தேன். அஞ்சு மணிக்கே சாம்பாரை இடது உள்ளங்கையில் ஊற்றி ஒரு நக்கு. புளி போதவில்லை, மறுபடி ஒரு நக்கு. சட்னி. முதல் ஈடு வடையைப் பிட்டு உள்ளே வெந்திருக்கிறதா என்று பார்த்து, அப்படியே வாயில். கேசரிக்கு இனிப்பு பார்க்க மூன்று தடவை. கை தன்பாட்டுக்குப் போகிறது, வாய் தன்பாட்டுக்குத் திறக்கிறது. அவர் வாயில் போட்ட ஒவ்வொன்றுக்கும் அதே அளவை நான் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தேன். பன்னிரண்டு மணிக்கு முன்னால் கிண்ணம் நிரம்பி, தட்டு ஒன்று தேவைப்பட்டது.

அவர் இலை போட்டு உட்கார்ந்ததும் இரண்டையும் முன்னால் வைத்தேன்.

"யாருக்கு ஏட்டி இவ்வளவு?"

"நீங்க விரதம் இருந்து தின்னது."

விஷயம் புரிந்ததும் எகிறினார். "ருசி பாக்குறது சாப்பாடா? அது தொழிலுட்டி!"

"வயித்துக்குத் தொழில் தெரியுமா?"

ரதீஷ் சிரித்துவிட்டான். இவர் சிரிக்கவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ருசி பாக்காம எறக்குனா நான் என்ன மாஸ்டரு?" என்றார். எனக்குப் பாவமாகிவிட்டது.

மறுநாள் காலை சாம்பார் கொதித்ததும் என் உள்ளங்கையை நீட்டினேன். அவர் சரக்கில் அதுவரை அடுத்தவர் நாக்கு பட்டதில்லை. வெகுநேரம் யோசித்துத்தான் ஊற்றினார்.

"உப்பு ஒரு பிடி காணாது" என்றேன்.

முறைத்தார். ஆனாலும் போட்டார்.

அன்றிலிருந்து பன்னிரண்டு மணி வரை அவர் நாக்கு நான்தான். எடை இறங்கியது. எட்டாவது கிலோ போனதும் டாக்டர் நாள் குறித்தார். மாஸ்டர் எழுந்து வரும்வரை சரக்கு மாடம்மாள் போடட்டும் என்று என்னிடமே கரண்டியைக் கொடுத்தார் முதலாளி.

ஆபரேஷன் அன்று காலைச் சாம்பாரை இறக்கி, டிபன் கூட்டம் ஓய்ந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பச்சை உடுப்பில், ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார். பயந்திருக்கிறார் என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சாம்பார் எப்படி?"

"மூணு பேர் ரெண்டாம் தடவ கேட்டு வாங்குனாங்க."

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. தலையைத் தூக்கி, மற்றவர் காதில் விழாமல் சொன்னார்:

"நான் வாரது வரைக்கும்... ரொம்ப நல்லா வச்சிராத ஏட்டி."